இலை உதிரும் மாதத்தில் பைக்

அக்டோபர், ஷெஃபீல்டு. எங்கள் தெரு இறக்கத்தில் இருபுறமும் மரங்கள். உதிர்ந்த இலைகள் மழையில் ஊறி, சக்கரங்கள் ஏறி ஏறிக் கூழாகிக் கிடக்கின்றன. காய்ந்த சருகு காற்றோடு போய்விடும். ஊறிய இலை பாசி பிடித்த குளத்துப் படி மாதிரி.

*

போன வருடம் அதே இறக்கத்தில், வளைவின் நடுவே முன் பிரேக்கைப் பிடித்தேன். முன்சக்கரம் வழுக்கி வண்டி சாய்ந்தது. முழங்கால் சிராய்ப்போடு தப்பினேன். அன்றிலிருந்து ஒரே விதி: வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் கை அவசரப்படக் கூடாது.

*

காலையில் 5 டிகிரி. குளிரில் டயர் விறைத்திருக்கும்; சூடாகும்வரை பிடிப்பு குறைவு. முதல் சில மைல்கள் பொறுமையாகத்தான். பிரிட்டனில் பைக் டயரின் பட்டன் ஆழம் 1 மில்லிமீட்டர் இருந்தால் சட்டத்துக்குப் போதும். ஈரச் சாலைக்குப் போதாது. 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததுமே மாற்றிவிடுகிறேன்.

*

இந்த மாதங்களில் சூரியன் தாழ்வாகவே நகர்கிறது. எதிர்வெயிலில் கண் கூசும். தானாகவே மெதுவாகப் போவோம். வெயில் முதுகில் அடிக்கும்போதுதான் ஏமாந்துபோகிறோம். நமக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும், எதிரே வருபவருக்கு நம்மைத் தெரியாது. என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு ஓடினால், அவர் கண்ணில் நான் படவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

*

ஸ்நேக் பாஸ் மலைச்சாலை. வெயில் படும் இடம் காய்ந்திருக்கிறது. அடுத்த வளைவு நிழலில், இன்னும் ஈரம். நிழலைக் கண்டால் ஈரம் என்றே நினைக்க வேண்டும்.

*

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். மறுநாளிலிருந்து, வேலை விட்டு வரும் 5 மணிக்கே இருட்டு. மான்கள் இணை தேடும் பருவமும் இதுதான். அந்தியில் சாலையைக் கடக்கும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும். காத்திருக்க வேண்டும்.

*

தம்பி மயிலாடுதுறையிலிருந்து பேசினான். அங்கே ஐப்பசி அடைமழை, பள்ளம் எது சாலை எது என்று தெரியவில்லையாம். அவனுக்குச் சொன்னது இதுதான்: முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்கு. நீ அந்தக் கம்பத்துக்கு வர, காய்ந்த சாலையில் 2 நொடியாவது ஆக வேண்டும், ஈரத்தில் 4. இடைவெளி இருந்தால்தான் பள்ளம் கண்ணில் படும். பத்து நிமிடம் தாமதமானால் பரவாயில்லை, வீடு வந்து சேர்.