'விட்டுவிடு' என்றது நாவல்... 'விடாது' என்றது சீரியல்! - அழகர்கோவில் கருப்பன் வாசலில்

மதுரையிலிருந்து அழகர்கோவில் சுமார் 21 கிலோமீட்டர். ஊரைத் தாண்டியதும் மாந்தோப்புகள், அதற்குப் பின்னால் நீளமாகப் படுத்துக்கிடக்கும் மலை. பஸ்ஸில் வருகிற கூட்டம் கள்ளழகரைப் பார்க்க வருகிறது. நான் போனது, கோட்டை வாசலில் காவல் இருக்கும் பதினெட்டாம்படி கருப்பனைப் பார்க்க. காரணம், ஒரு டி.வி சீரியல்.

'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு' நினைவிருக்கிறதா? 1990-களின் பிற்பகுதியில் சன் டி.வி-யில் வாரம் ஒரு நாள் வந்தது. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம். என் வயதுக்காரர்கள் யூடியூபில்தான் பார்த்தோம். பயம் மட்டும் அதே பயம்தான்!

இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய நாவலின் பெயர் 'விட்டுவிடு கருப்பா'. சீரியலாகும்போது அது 'விடாது கருப்பு' ஆனது. முதலாவது, மாட்டிக்கொண்ட மனிதனின் கெஞ்சல். இரண்டாவது, அதற்குக் கிடைத்த பதில். நாவல் சீரியலான கதை மொத்தமும் எனக்கு இந்தப் பெயர் மாற்றத்திலேயே தெரிகிறது.

கதை நடப்பது தோட்டக்காரமங்கலம் என்ற கிராமத்தில், அழகர்கோவிலில் அல்ல. ஆனால், மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த எழுத்தாளர் அவர். இந்தப் பக்கம் 'கருப்பு' என்றாலே முதலில் கை கூப்புவது இந்த வாசலை நோக்கித்தான்.

வாசலில் சிலையைத் தேடினேன். "சாமி எங்கக்கா இருக்கு?" என்று பூ விற்கிற அக்காவிடம் கேட்டேன்.

"கதவுதான் தாயி சாமி."

அவ்வளவுதான். பூட்டிய பெரிய கதவு. அதில் அப்பிய சந்தனம், மாலைகள். பக்கத்தில் நேர்த்திக்கடனாக நட்ட, ஆள் உயரத்துக்கும் மேலான அரிவாள்கள். அழகரின் சக்தியைக் கவர மலையாள தேசத்திலிருந்து வந்த 18 மந்திரவாதிகளைக் கொன்று படிகளின் கீழே புதைத்தார்கள், அவர்களோடு வந்த கருப்பன் காவலாக நின்றுவிட்டான் என்பது ஐதிகம். சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை கிளம்பும் அழகரே இவரிடம் விடைபெற்றுத்தான் போவார்.

நான் நின்ற நேரத்தில் அண்ணன், தம்பி இருவர் வந்தார்கள். வரப்புத் தகராறு. "வரப்பை நகத்தலைன்னு இங்க சொல்லிருண்ணே, கேஸை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார் தம்பி. அண்ணன் முதல் படிவரை வந்தார். செருப்பைக் கழற்றினார். கதவைப் பார்த்தபடியே நின்றார். பிறகு எதுவும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். கூட வந்த அம்மா படியோரம் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். கோர்ட்டில் தைரியமாகப் பேசுகிறவர்கள்கூட இங்கே நாக்கைக் கட்டிக்கொள்கிறார்கள்.

கதையின் மர்மமே இந்தப் பயத்தில்தான் நிற்கிறது. தப்பு செய்தவர்கள் வரிசையாகச் சாகிறார்கள். 'கருப்பு அடிச்சிருச்சு' என்று ஊர் ஒதுங்கிக்கொள்கிறது. கொலை என்றே ஊர் நினைக்காத இடத்தில் யாரை விசாரிப்பது? சாமி பயம் கொலையாளிக்குப் போர்வையாகிவிடுகிறது. (முடிவைச் சொல்ல மாட்டேன், இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.)

நாவலில் கருப்பனுக்கு ஒவ்வொரு வாசகரும் ஒரு முகம் வைத்துக்கொள்ளலாம். கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது. எதையாவது காட்டியே ஆகவேண்டும். அதிகம் காட்டினால் நாடக மேக்கப் ஆகிவிடும். குதிரை, குளம்பொலி, இருட்டு என்று நாகா கொஞ்சமாகவே காட்டி, பாக்கியைப் பார்ப்பவர் தலையில் கட்டினார். இன்றைய வெப் சீரிஸ்காரர்கள் கிராஃபிக்ஸுக்குப் பணம் கொட்டும் முன் ஒருமுறை இந்தப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வரலாம்.

மதுரையிலிருந்து டவுன் பஸ் உண்டு. மலைமேல் பழமுதிர்சோலை, நூபுர கங்கை எல்லாம் பார்க்க அரை நாள் வேண்டும். குரங்குகள் ஜாக்கிரதை. பிரசாத ஸ்டாலில் அழகர்கோவில் தோசை வாங்கினால், பையில் நன்றாக மறைத்து வையுங்கள்!