ஆமிஷ்காரர்களிடம் போக நினைக்கும் மாப்பிள்ளைக்கு

பழனிசெட்டிபட்டி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை அக்கா கொண்டுவந்து, "வாசிச்சுட்டு நீயே பதில் எழுதிரு, எனக்குக் கை ஓடலை" என்று கொடுத்துவிட்டுப் போனாள். நீ சாமியாராகப் போகிறாய் என்றே முடிவு கட்டியிருந்தாள். ஆமிஷ்காரர்கள் என்ற கிறிஸ்தவச் சபையார் கல்யாணம் கட்டி, ஆறேழு பிள்ளை பெற்று, மாடு கன்றோடு பிழைக்கிற சம்சாரிகள்தான் என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் தெளிந்தாள்.

அமெரிக்காவில் லான்காஸ்டரில் அவர்களுடைய குதிரை வண்டிகளைப் பார்த்ததும் அங்கேயே இருந்துவிடலாமா என்று தோன்றியதாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம் ஊர்க் கட்டுப்பாடு மூச்சு முட்டுகிறது என்று விமானம் ஏறியவன் நீ. அங்கேயோ கோட்டுக்குப் பொத்தானா கொக்கியா, டெலிபோன் எங்கே இருக்கலாம் என்பதைக்கூடச் சபை கூடித்தான் முடிவு செய்கிறது. மீறினவனை ஒதுக்கிவைப்பதும் உண்டு. பல சபைகளில் அவன் பெற்றவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடக்கூட முடியாது. இதையே இங்கே செய்தால் நீ கலெக்டருக்கு மனு எழுதுவாய்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். இங்கே கட்டுப்பாடு பிறப்போடு வருகிறது, யாரும் உன்னைக் கேட்கவில்லை. அங்கே விவரம் தெரிந்த வயதில் தானே கேட்டு ஞானஸ்நானம் வாங்கியவனைத்தான் அது கட்டும். 1525-ல் சூரிச்சில் அவர்களுடைய முன்னோர் தொடங்கிய வழக்கே அதுதான். அதற்காகவே 1527-ல் ஃபீலிக்ஸ் மான்ஸ் என்பவரை லிம்மாட் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சம்மதத்தை நீ விடுமுறை ஆசையில் கொடுத்துவிடக் கூடாது.

அவர்கள் போதகரைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் படித்தபோது எனக்கு உத்திரமேரூர்க் குடவோலை நினைவுக்கு வந்தது. முன்மொழியப்பட்ட ஆண்கள் ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம் எடுக்கிறார்கள். யார் புத்தகத்தில் சீட்டு இருக்கிறதோ அவர் போதகர். குடவோலையில் வந்தவருக்கு ஒரு வருஷத்தோடு பொறுப்பு முடிந்தது. இவருக்கோ ஆயுசுக்கும், சம்பளம் கிடையாது, மாட்டேன் என்றும் சொல்ல முடியாது. அந்தப் புத்தகம் உன் கைக்கு வந்தால் என்ன செய்வாய்? குதிரை வண்டியை விட்டுவிட்டு இதை யோசி.

வெளியாள் போய் ஒட்டவே முடியாது என்று சொல்லமாட்டேன். திருப்பத்தூரில் நடந்திருக்கிறது. அங்கே இருந்தவர்கள் ஆமிஷ் இல்லைதான். 1921-ல் டாக்டர் ஏசுதாசனும், ஸ்காட்லாந்திலிருந்து வந்த டாக்டர் ஃபாரெஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். பேட்டன் நூல் ஆலைப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. இங்கே கதர் உடுத்தி, கல்யாணம் கட்டாமல், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தே வாழ்ந்தார். 1932-ல் சென்னையில் போலீஸிடம் அடியும் வாங்கினார். ஏசுதாசனைப் பெரியண்ணன் என்றும் இவரைச் சின்னண்ணன் என்றும்தான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் தமிழருக்குத் தம்பியாக இருந்தார்! கதர் யாரும் உடுத்தலாம். தம்பியாக இருப்பது உன்னால் ஆகுமா? என் சொல்லையே நீ கேட்டதில்லை.

இப்போதைக்கு வேலையை விட்டுவிடாதே. ஆமிஷ்காரர்கள் வீட்டில் பேசும் ஜெர்மனைக் கொஞ்சம் பழகு. பிறகு சம்மதிக்கிற வீடு ஒன்றில் ஒரு போகம் முழுக்கப் பண்ணை வேலைக்கு நில். இருபோகம் விளைகிற கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தும் ஒரு மடை திறந்துவிட்டவன் இல்லை நீ. விடியுமுன் சாணி அள்ளினால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் எழுது, அக்காவிடம் நான் பேசுகிறேன்.

போகிற இடத்தில் எனக்காக ஒன்று விசாரி. கம்பெனி கரண்டு இல்லாமல் கறந்த பாலை எப்படிக் குளிர வைக்கிறார்கள்? டீசல் எஞ்சின் என்றால் எத்தனை குதிரைத்திறன், ஒரு நாளைக்கு எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று சரியாகக் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் மாமா