பம்பையாற்றில் ஒரு பகல்

"தண்ணிப் பக்கம் மட்டும் போயிராத கண்ணு" என்று சொல்லித்தான் அம்மா என்னைக் கல்லூரிச் சுற்றுலாவிற்கு அனுப்பினார்கள். நான் போனதோ ஆலப்புழைக்கு!

சென்ற டிசம்பர்த் திங்களில் எங்கள் இயற்பியல் துறை மாணவர்கள் 18 பேர், பேராசிரியர்கள் இருவருடன் புறப்பட்டோம். ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, ஒரு பகல் பொழுதுக்குத் தனிப் படகு ஒன்றைப் பேசியிருந்தோம். காலைப் பத்து மணிக்குப் புன்னமடைத் துறையில் ஏறியதும் எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். அதை மாட்டும்போது பேராசிரியர் ஒருவர், மகாகவி குமாரன் ஆசான் 1924-ஆம் ஆண்டு இதே மாவட்டத்துப் பல்லனையாற்றில் படகு கவிழ்ந்து மாண்டதைக் கூறினார். புறப்படும் வேளையில் சொல்லத்தக்க செய்தியா இது! நீச்சல் தெரியாத நான் நாடாவை இன்னொரு முறை இறுக்கிக் கொண்டேன்.

இவ்வகைப் படகுக்குக் கெட்டுவள்ளம் என்று பெயர். முன்பு நெல்லும் சரக்கும் ஏற்றிச் சென்றவை. ஆஞ்சிலிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டுவார்கள்; ஆணி கிடையாது. இதைப் படகோட்டி பெருமையோடு சொன்னார். எனக்கு அச்சம் கூடியது.

காயலைக் கடந்து பம்பையாற்றுக்குள் நுழைந்ததும் அச்சம் மறந்து போயிற்று. கரைக்கு அப்பால் வயல்கள் எங்களுக்குக் கீழே கிடந்தன. மேலே ஆறு, கீழே இளம்பயிர்! குட்டநாட்டு வயல்கள் பல, கடல் மட்டத்திற்கும் தாழ்ந்தவை. நம் பக்கத்தில் வாய்க்காலிலிருந்து வயலுக்கு நீர் பாய்ச்சுவோம். இங்கே வயலின் நீரை வெளியே இறைத்துவிட்டுத்தான் விதைக்கிறார்கள். அதற்கென்றே 'பெட்டியும் பறையும்' என்னும் மரத்தாலான இறைவை உண்டு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் வரப்பும் வீடும் தெரியாமல் எல்லாம் ஒரே நீர்ப்பரப்பானதையும், இதுபோன்ற சுற்றுலாப் படகுகளில் மக்களை ஏற்றிச் சென்றதையும் படகோட்டி கூறினார். அவர் வீடும் முழுகியதாம்.

மதியம் கரிமீன் வறுவலுடன் சாப்பாடு. அதைப் பற்றி நண்பர்கள் வேறு யாராவது எழுதுவார்கள்.

ஆற்றங்கரை நெடுகிலும் வீடுகள். வாசலே படித்துறை. ஒரு படியில் என் அம்மா வயதுடைய பெண்மணி ஒருவர் பாத்திரம் துலக்கிக் கொண்டிருந்தார். எங்களில் நாலைந்து பேர் செல்போனை உயர்த்தினோம். நானும்தான். அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்.

எங்கள் வீட்டுக்கும் குழாய் தெருவில்தான். அம்மா அங்கே குந்தியிருந்து பாத்திரம் துலக்கும்போது யாரோ வண்டியை நிறுத்திப் படம் எடுத்தால்? போனைப் பையில் போட்டேன். திரும்பிப் பார்த்தபோது எங்களுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு படகுகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் திரும்பி உட்கார வேண்டுமே!

வீடு திரும்பிய அன்றிரவு, ஆற்றுக்குக் கீழே வயல் இருப்பதை அம்மாவிடம் சொன்னேன். முப்பது ஆண்டுகளாக அமராவதிப் பாசனத்தில் நாற்று நட்டவர்கள். சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்கள்:

"ஏங் கண்ணு, மழை பேஞ்சா அந்தத் தண்ணிய ஆரு எறைக்கறது?"

இறைவையைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். தாளில் படமும் வரைந்து காட்டினேன். படித்துறையில் கண்டதை மட்டும் சொல்லவில்லை.