அப்பாவின் பத்மினியும் ரெண்டு காலிப்பரும்

போன மழைக்காலத்துல ஒரு சாயங்காலம். பூதப்பாண்டிப் பக்கம் ரோட்டுல கணுக்காலுக்கு மேல தண்ணி. அப்பா எங்க பழைய பத்மினிய மெதுவா ஓட்டி அதைத் தாண்டிட்டார். கொஞ்ச தூரம் போனதும் ஒரு பையன் சைக்கிளோட குறுக்கே வந்தான். அப்பா பிரேக்கை மிதிச்சார். வண்டி அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்தது! கியரை இறக்கி, ஸ்டியரிங்கை ஒடிச்சு, வயல் ஓரமா நிறுத்தினார். பையன் திரும்பிக்கூடப் பாக்கலை. பக்கத்துல இருந்த எனக்குத்தான் கை நடுக்கம் நிக்க ராத்திரி ஆச்சு.

காரணம் எளிது. பத்மினியில நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். உள்ள தண்ணி புகுந்தா ஷூ வழுக்கும். டிஸ்க் திறந்து கிடக்கறதால சுத்துற வேகத்துலயே தண்ணி தெறிச்சிடும். டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் லே மான்ஸ் பந்தயத்துல ஜெயிச்சது 1953ல. பத்மினியோட மூதாதையான ஃபியட் 1100 அறிமுகமானதும் அதே 1953ல, டிரம்மோட :-)

சரி, முன் சக்கரத்துக்கு டிஸ்க் மாத்துறதுன்னு முடிவு பண்ணினேன். நம்ம புத்தி எங்க போகும்? எக்செல் ஷீட் போட்டேன். காலிப்பர்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு ஃபிக்ஸட்: டிஸ்க்குக்கு ரெண்டு பக்கமும் பிஸ்டன், உடம்பு அசையாது. அந்தக் கால ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ல வந்த கிர்லிங் இந்த ஜாதி. மிதி உறுதியா இருக்கும். ஆனா அகலம் ஜாஸ்தி, சக்கரத்துக்குள்ள இடிக்கலாம். இன்னொண்ணு ஃப்ளோட்டிங்: ஒரே பிஸ்டன் உள்பக்க பேடைத் தள்ளும், காலிப்பரே பின்னுல வழுக்கி வெளிப்பக்க பேடை இழுத்துக்கும். மாருதி 800ல இருக்கறது இதுதான். சின்னது, மலிவு, நாகர்கோவில்லயே கிடைக்கும். ஆனா நம்ம ஊர் உப்புக்காத்துல பின் துருப்பிடிச்சு இறுகினா, ஒரு பேடு மட்டும் தேயும்.

மெக்கானிக் அண்ணன் என் ஷீட்டைப் பாத்துட்டு ஒரே கேள்வி கேட்டார்: "தம்பி, காலிப்பர் கெடக்கட்டும். அப்பாவுக்க முட்டு வலி எப்படி இருக்கு?"

அந்தக் கட்டம் என் ஷீட்ல இல்ல. டிரம்முக்கு ஒரு குணம் உண்டு. முன்னால இருக்கற ஷூவை, சுத்துற டிரம்மே இழுத்து தன்னோட ஒட்டிக்கும். அதனால கால் பாதி வேலை செஞ்சாப் போதும். டிஸ்க்குக்கு அந்த தயவு கிடையாது. பூஸ்டர் இல்லாம மாத்தியிருந்தா, மழையில நிக்கிற வண்டி அப்பா காலுக்கு நிக்காது.

அப்புறம் ஒவ்வொண்ணா வந்தது. பூஸ்டர். காலிப்பர் பிஸ்டனுக்கு எண்ணெய் அதிகம் வேணும், அதுக்கேத்த மாஸ்டர் சிலிண்டர். அதுவும் ரெட்டை சர்க்யூட், ஒரு குழாய் ஒழுகினா மத்தது பிடிக்கும். டிரம்முக்காக லைன்ல பிரஷரைப் பிடிச்சு வைக்கிற குட்டி வால்வை முன்பக்கம் எடுக்கணும், இல்லேன்னா பேடு உரசிக்கிட்டே இருக்கும். பிராக்கெட்டைக் கெட்டித் தகடுல வெட்டி போல்ட் போட்டார் அண்ணன். வெல்டிங் கூடவே கூடாதுன்னுட்டார்.

கடைசியில மாருதி காலிப்பர்தான். ஹோஸால சக்கரத்துல தண்ணி அடிச்சு, ஆளில்லாத ரோட்டுல அப்பாவையே மிதிக்கச் சொன்னேன். நின்னது. "எல்லாம் சரி மக்கா, அந்தப் பழைய டிரம்மை மட்டும் ஆக்கர்காரனுக்குப் போட்டுராதே"ன்னார். மாடிப்படிக்கு அடியில பத்திரமா இருக்கு. டெக்னோபார்க்ல இருந்து ஊருக்கு வரும்போது பின்னைக் கழட்டி கிரீஸ் வைக்கிறது இப்ப என் வேலை.