410-ஐ மாத்தாதே மச்சி!

மலரைத் திறந்ததும் ஜோக் பக்கத்துக்கு ஓடுகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். இது சிவில் லேபில் உடைந்த மூன்று கியூப்களின் கதை.

எங்கள் பிராஜக்ட், சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதில் ஃபிளை ஆஷ் கலந்த எம்-20 கான்கிரீட். முந்தைய பேட்ச் அண்ணன்களும் இதையே செய்திருந்தார்கள். ஆவலோடு ரிப்போர்ட்டைப் புரட்டினால் சராசரி மட்டும் இருக்கிறது! எந்தக் கியூப் எத்தனை கிலோநியூட்டனில் உடைந்தது, எத்தனை லிட்டர் தண்ணீர்... ஒன்றும் இல்லை. "பழைய போன்ல இருந்துச்சு தம்பி, அது போயிடுச்சு" என்றார் ஓர் அண்ணன். பைண்டிங் மட்டும் பளபளவென்று இருந்தது.

அதனால் கலவை போடும் முன்பே நாலு பேரும் உட்கார்ந்து நோட்டில் கட்டம் போட்டோம். கியூப் நம்பர், வார்த்த தேதி, எடை, உடைந்த லோடு, ரீடிங் எடுத்தவர், குறிப்பு. பேனாதான், பென்சில் கிடையாது. அடித்தால் ஒரே கோடு. அடியில் இருப்பது தெரிய வேண்டும். அன்றன்றைக்குப் போட்டோ எடுத்து இரண்டு இடத்தில் வைத்தோம்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். சிமெண்ட் மூட்டை பிரிக்கப் பிரிக்கச் சுவரில் கரிக்கோடு போடுவார். பூச்சு வேலைக்கு முன்னால் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லுவார். அதற்குப் பிறகுதான் அந்தச் சுவரில் கரண்டி படும்.

28-ஆம் நாள். 560, 545... மூன்றாவது 410! ஐ.எஸ். 456 விதிப்படி ஒரு கியூப் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த ரிசல்ட்டே செல்லாது. "410-ஐ 540-ன்னு மாத்துடா, யாருக்குத் தெரியும்?" என்றான் நண்பன். சப்மிஷன் தலைக்கு மேல் நிற்கிறது, அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் குறிப்புக் கட்டத்தில் அவன் கையெழுத்திலேயே இருந்தது: 'அச்சு கழற்றும்போது மூலை உடைந்தது.' பார்த்துவிட்டு அவனே சிரித்துவிட்டான். மறுபடி வார்த்தோம், இன்னொரு 28 நாள். ரிப்போர்ட்டில் இரண்டு செட்டும் இருக்கிறது, 410 உட்பட.

2010-ல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பெரிய பேராசிரியர்கள் அரசுக் கடன் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் எக்செல் கணக்கில் ஐந்து நாடுகள் விட்டுப்போனதை 2013-ல் வெளிக்கொண்டு வந்தவர் தாமஸ் ஹெர்ண்டன் என்ற அமெரிக்க மாணவர். ஃபைலைக் கேட்டார், கொடுத்தார்கள். கொடுத்தார்களே, அதையும் பாராட்ட வேண்டும்!

எங்கள் நோட்டின் நகலும் எக்செல் ஃபைலும் துறை நூலகத்தில் இருக்கின்றன. கிரஷர்காரர் எங்களை நம்பிச் சொன்ன விலையையும் அவர் நம்பரையும் மட்டும் எடுத்துவிட்டோம். ஜூனியர்களே, எடுத்துப் பாருங்கள். கணக்கு எங்காவது உதைத்தால் வந்து சொல்லுங்கள், டீ என் செலவு.

– மூன்றாம் ஆண்டு, சிவில்