‘வேண்டாம்’ என்னும் பாடம்

நல்ல பிள்ளை யார் என்று எம்மைக் கேட்டால், சொன்ன சொல் தட்டாத பிள்ளை என்றே அண்மைக்காலம் வரை விடை கூறியிருப்போம். இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் மாணவரை அமைதியாக இருத்திப் பழகிய எமக்கு வேறு விடை தோன்றியிராது. அவ்வெண்ணத்தைத் திருத்தியவன் எமது தங்கை மகன். வயது ஆறு; இன்னும் பேச்சு வரவில்லை.

கொட்டாஞ்சேனையில் வாழும் தங்கை, மகனுக்கு ஓட்டிசம் என்று வைத்தியர் கூறிய நாளில், தன் வீட்டுக்கு மட்டும் வந்த விதியென்று அழுதாள். உண்மை அவ்வாறன்று. எமது நாட்டில் நகரை அண்டிய பகுதியொன்றில், 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளிடையே நடத்தப்பெற்று 2009 இல் வெளியான ஆய்வு, ஏறக்குறைய 93 குழந்தைகளில் ஒருவருக்கு இந்நிலை இருப்பதைக் கண்டது.

தங்கை ஒரு நடத்தைச் சிகிச்சை நிலையத்தை நாடினாள். அச்சிகிச்சையின் அடிப்படை எளியது. பெரிய செயலைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் குழந்தை விரும்பும் ஒன்றைப் பரிசாக அளித்து, பழக்கம் வேரூன்றியபின் பரிசைச் சிறிது சிறிதாகக் குறைப்பதே அது. அந்நிலையத்தாரோ வாரத்துக்கு 40 மணி நேரம் வேண்டும் என்றனர். கலிபோர்னியாவில் லொவாஸ் என்பார் 1987 இல் வெளியிட்ட ஆய்வைச் சான்று காட்டினர். அதில் 19 குழந்தைகள் அவ்வளவு நேரம் பயின்றதும், அவர்களுள் 9 பேர் வழக்கமான முதலாம் வகுப்பை நிறைவு செய்ததும் மெய்யே. அப்பயிற்சியில் தொடையில் அடிப்பதும் இடம்பெற்றது என்பதை அவர்கள் கூறவில்லை. படித்தவராகிய நாமும் தேடிப் படிக்கவில்லை. தங்கையின் காப்புகள் அடகுக் கடைக்குப் போயின.

ஓராண்டில் மூன்று பயிற்சியாளர் மாறினர். ஓய்வின்றிக் குறைந்த சம்பளத்துக்கு உழைத்த அப்பெண்கள் நிலைக்காததில் வியப்பில்லை. ஒவ்வொரு முறையும் குழந்தை புதிய முகத்துக்குப் பழக வேண்டியதாயிற்று. ஆயினும் கைகளை மடியில் வைத்து அசையாதிருக்க அவன் கற்றுக்கொண்டான். “நல்ல பிள்ளை” என்று நாமும் மெச்சினோம்.

ஒரு மாலை எமது வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தவன், அவ்வாறே அசையாதிருந்து, இருந்த பாயிலேயே சிறுநீர் கழித்தான். இருக்கக் கற்றவனுக்கு, எழுந்து போகவேண்டும் என்று கேட்க யாரும் கற்பிக்கவில்லை. தங்கை ஒரு சொல்லும் பேசாது பாயைக் கழுவினாள். நாம் சொன்ன ‘நல்ல பிள்ளை’ எம்மையே சுட்டது.

எம்மிடம் கற்ற மாணவி ஒருத்தி, காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் இத்தகைய சிறு நிலையமொன்றை நடத்துகிறாள். அவளிடம் சென்றோம்.

“சேர், தம்பிக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியுமா?” என்பதே அவள் கேட்ட முதற் கேள்வி. நாம் விழித்தோம்.

“வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளையை யாரும் எதுவும் செய்யலாம், சேர். முதலில் அதைப் படிப்பிப்போம்.”

இரண்டு அட்டைகள் செய்தாள். ஒன்றில் கழிப்பறைப் படம். மற்றதில் சிவப்பு நிறக் கை. சிவப்பு அட்டையை அவன் நீட்டினால் பயிற்சி அக்கணமே நிற்கும். அமெரிக்காவில் இத்தொழிலாருக்கு 2022 இல் நடைமுறைக்கு வந்த ஒழுக்கக் கோவை, பொருந்தும் இடங்களில், சிகிச்சை பெறுபவரின் இணக்கத்தையும் பெறுமாறு விதிக்கிறது என்று அவளே எமக்கு விளக்கினாள். ஆசிரியர் மாணவரானோம்.

எட்டுக் குழந்தைகளுக்கு மேல் அவள் ஏற்பதில்லை. புதன்கிழமை பிற்பகலில் குழந்தைகள் இல்லை. பயிற்சியாளர் கூடியிருந்து குறிப்பேடுகளை ஆராய்வர். கட்டணம் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. எமது மருமகனுக்கு வாரத்தில் இரண்டு நாள் போதும் என்றாள். தாயும் உடனிருந்து பழக வேண்டுமாம்.

“பிள்ளை, வாடகை எப்படிக் கட்டுகிறாய்?” என்று கேட்டோம்.

“இருபது பேரை எடுத்தால் சுகமாகக் கட்டலாம், சேர். ஆனால் ஆறு மாதத்தில் என்னோடு வேலை செய்பவர்கள் களைத்துப் போய்விடுவார்கள். பிறகு இந்தப் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? அக்கா பழகிவிட்டால் நானும் தேவையில்லை. அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன்.”

எட்டு மாதங்கள் சென்றன. பேச்சு வரவில்லை, காப்புகளும் மீளவில்லை. ஆனால் கழிப்பறை அட்டையைத் தானே எடுத்து வருகிறான். சென்ற ஞாயிறு அவனை மடியில் இருத்த முனைந்தோம். சிவப்பு அட்டையை எமது கையில் வைத்தான். உடனே விட்டுவிட்டோம். “அண்ணா, உங்களுக்கே வேண்டாம் என்கிறான்!” என்று தங்கை சிரித்தாள். அவள் சிரித்து நெடுநாளாயிற்று.

பெற்றோரே, இத்தகைய நிலையத்தை நாடும்போது மணிக்கணக்கை மட்டும் கேளாதீர்கள். பயிற்சியாளர் எத்தனை காலமாக அங்கு இருக்கின்றனர், உள்ளே தாய் உடனிருக்கலாமா, குழந்தை மறுத்தால் என்ன செய்வர், பயிற்சி எப்போது முடியும் என்றும் கேளுங்கள். நாம் கேளாது விட்ட கேள்விகள் இவை.