மறைத்த நோய்

விழா மலரிலே வயிற்றுநோயைப் பேசுதல் பொருந்துமோ என அன்பர் சிலர் வினவக்கூடும். பழைய மாணவர் கூடுமிடத்து ஒருவர் மற்றவரின் சுகத்தை விசாரித்தல் வழக்கம். அவ்வினாவிற்கு எம் வகுப்புத் தோழரொருவர் அளித்த மெய்யான விடையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

அவர் முதுகுவலிக்காக அஸ்பிரினும் இபுபுறோபனும் தாமே வாங்கி, ஈராண்டாக வெறுவயிற்றிலே விழுங்கி வந்தவர். மாலையிற் சாராயம், காலையிற் தலைவலி, அதற்கும் அதே குளிசை. இரண்டையும் கைவிட்டு இப்போது ஏழு மாதங்களாகின்றன. ஆயினும் மேல்வயிற்றெரிவும், நாலு கவளத்திலே வயிறு நிரம்பிவிட்டாற் போன்ற உணர்வும் நீங்கினபாடில்லை. “விட்ட பிறகும் ஏன் மச்சான் இந்தத் தண்டனை?” என எம்மிடம் வருந்தினார்.

காரணம் விளங்காததன்று. இரைப்பையில் ஊறும் அமிலம் இரைப்பையையே அரித்துவிடாதவாறு சளிப்படலமொன்று காக்கின்றது. அக்காவலைப் பேணுவன புறொஸ்ரகிளாண்டின் எனும் பொருள்கள். அஸ்பிரின் போன்ற மருந்துகள் அவற்றின் ஆக்கத்தைத் தடுக்கின்றன என்பதை 1971இல் ஜோன் வேன் என்னும் ஆங்கில அறிஞர் நிறுவினார். 1982இல் நோபல் பரிசும் பெற்றார். ஆகவே, வலியைத் தணிக்கும் மருந்தே காவலையும் தளர்த்துகின்றது. அவ்விடத்து மதுவும் சேரின் புண்ணும் குருதிக்கசிவும் எளிதில் நேரும். புண் ஆறிய பின்னரும் இரைப்பையின் கூருணர்ச்சி சிலரிடத்து நெடுநாள் நீடிப்பதுண்டு.

எம்மைப் பெரிதும் வருத்தியது நோயன்று, அதனை மறைத்தமையே. ‘வாத்தியார் மகன் குடிக்கிறான்’ என ஊர் பேசுமென்று நாணி, இரு வைத்தியரிடம் சென்றும் அவர் குடியைப் பற்றி வாய்திறந்திலர். மலம் தார்போற் கறுத்தபோதும் நான்கு நாள் வாளாவிருந்தார். அஃது உள்ளே குருதி கசிவதன் அறிகுறியென அவர் அறிந்திலர். மனைவியார் பிடிவாதமாக வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றமையாலேயே உயிர் பிழைத்தார். அங்குதான் முதன்முதலாக உண்மையைக் கூறினார். உற்ற சிகிச்சையும் அன்றே தொடங்கியது.

திருக்குறளிற் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். மருந்து 95ஆம் அதிகாரம். இரண்டிற்கும் இடையே நிற்பது சூது. அவ்வைப்புமுறைக்கு உரையாசிரியர் கூறும் காரணம் எதுவாயினும் ஆகுக. மதுவையும் மருந்தையும் ஒருங்கே கொள்வார் தம் உயிரைப் பணயமாக வைத்து ஆடுவது சூதே என்பது எம் துணிபு.

மாணவர்காள், நண்பர்காள்! வலிக்குளிசையை வைத்தியரைக் கேளாது நாட்கணக்கில் உண்ணற்க. மதுவோடு சேர்த்து ஒருபோதும் உண்ணற்க. உண்டவராயின், வைத்தியரிடம் ஒளியாது உரைக்க. ஊராரின் வாய்க்கு அஞ்சி மறைக்கும் நோய்க்கு எந்த வைத்தியரும் மருந்து தருதல் இயலாது.